கட்டில் எந்த ஊரில் கிடக்கிறது?

வாசகர் கேள்வி–பதில்: இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்களாமே, எங்களுக்கும் வருவார்களா?" கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பக்கத்திலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் ஒரு திருத்தம். பலர் 'டாக்டர் அம்மா' என்று எழுதுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் இயன்முறை சிகிச்சையாளராக இருந்து ஓய்வுபெற்றவள். மருந்து எழுத மாட்டேன், ஊசி போட மாட்டேன். எழுந்து உட்காரச் சொல்வேன், உட்காராவிட்டால் திட்டுவேன்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். இரண்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கேரளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது வீட்டில் படுத்திருக்கிறார். தனியாராக ஒருவர் வந்து பயிற்சி கொடுக்க ஒரு தடவைக்கு 500 ரூபாய் கேட்கிறார். அரசு ஆள் இலவசமாக வருவாராம். ஆனால் வைத்தியம் கேரளத்தில் பார்த்ததால் எங்களுக்குக் கிடையாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்களுடையது சர்க்கரை அட்டை வேறு. என்ன செய்வது அம்மா?
— வாசகி, சுருளிப்பட்டி

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், சொன்னது தவறு. வைத்தியம் எங்கே பார்த்தீர்கள் என்பது கேள்வியே இல்லை. அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா என்பதும் கேள்வி இல்லை. உங்கள் அப்பாவின் கட்டில் இன்று சுருளிப்பட்டியில் கிடக்கிறது. அவரால் மருத்துவமனைக்கு வர முடியாது. இந்த இரண்டும்தான் தகுதி.

நீங்கள் கேள்விப்பட்டது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதே திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருகிறார்கள். மாத்திரை வாங்கும் வரிசையில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதைக் கேட்டுவிட்டு, பிசியோதெரபிக்கும் வயது பார்ப்பார்கள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். முப்பது வயதில் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவனும் படுக்கைதானே?

உங்கள் ஊரில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் மகளிர் குழுவைச் சேர்ந்த, உங்களுக்கு முகம் தெரிந்த பெண்ணாகவே இருப்பார். அவரைத் தெரியாவிட்டால் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேட்கும்போது 'கை கால் வரவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். "தானாகப் புரள முடியவில்லை, உட்கார வைத்தால் வலது பக்கம் சாய்கிறார், கழிப்பறைக்கு இரண்டு பேர் தூக்குகிறோம்" என்று சொல்லுங்கள். பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பது அந்த விவரத்தில்தான் தீர்மானமாகும்.

இனி கசப்பான பகுதி. ஒரு வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை சிகிச்சையாளர் என்பது திட்டத்தின் கணக்கு. தேனி மாவட்டத்தில் 8 வட்டாரங்கள். கம்பம் வட்டாரத்துப் பிள்ளை ஒரே வண்டியில் எத்தனை ஊர் சுற்ற முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தினமும் வருவார் என்று காத்திருந்தால் அப்பாவின் கணுக்கால் விறைத்துவிடும். அவர் வருவது உங்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான். அதனால் அவர் வரும் நாளில், தினமும் யார் பயிற்சி கொடுக்கப் போகிறாரோ அவர் வீட்டில் இருக்க வேண்டும். நான் வேலையில் இருந்தபோது பல வீடுகளில் இதுதான் நடக்கும்: வெள்ளை வேட்டி கட்டிய பெரியப்பா எதிரே உட்கார்ந்து தலையாட்டுவார், பயிற்சி கொடுக்க வேண்டிய மருமகள் அடுப்படியில் எனக்கு காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிடச் சொல்லி எத்தனை வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன்! செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை, மாலை என்று நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைத்தான் அவர் முதலில் கேட்பார்.

தனியாருக்கு 500 ரூபாய் தரலாமா என்றால், முடிந்தால் இப்போது சில தடவை தரலாம். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அதற்குப் பிறகும் வரும், மெதுவாக. உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. வருகிறவர் பி.பி.டி. (இயன்முறை சிகிச்சைப் பட்டம்) படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். கால் நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தத் தோள் வலியால் இரவெல்லாம் தூங்காதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் இடுப்பில் புண் வரும். ரப்பர் பந்தை நாள் முழுக்க அமுக்கச் சொல்லி யாராவது கொடுத்திருந்தால் அதைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள். விறைத்த விரலை அது இன்னும் மடக்கும்.

வலது பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் தடுமாறுவதுண்டு. அதைப்பற்றி நீங்கள் எழுதவில்லை. தடுமாறினால் பேச்சுப் பயிற்சி தனி, தேனி பக்கம் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: குமுளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஏலக்காய்க் கடையில் வேலை. ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் கம்பம் முகவரி. அத்தைக்கு 71 வயது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. வாக்கர் வைத்து நாலு எட்டு நடக்கிறார். அட்டை கம்பத்தில் இருப்பதால் வாரம் ஒருமுறை ஜீப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போகிறோம். போய் வந்தால் இரண்டு நாள் வலியில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். கேரளத்தில் எங்களுக்கு உரிமை உண்டா?
— வாசகி, குமுளி

பதில்: ஐந்து வார இடுப்பை லோயர்கேம்ப் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் வைத்து ஆட்டுகிறீர்களே! முதலில் அதை நிறுத்துங்கள். அறுவை சிகிச்சை செய்தவர் வரச் சொன்ன நாளுக்கு மட்டும் போனால் போதும்.

மேலே சுருளிப்பட்டிக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். கட்டில் குமுளியில் கிடக்கிறது. பட்டியலும் குமுளிப் பஞ்சாயத்துடையது. கேரளம் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று 2008-லேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம். அங்கே வீட்டுக்கு வரும் பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கிறது. கிராமப் பஞ்சாயத்து அளவில் 'பாலியேட்டிவ்' செவிலியர், அதாவது நோய் ஆதரவுச் செவிலியர், வீடு வீடாக வருவார். கூடுதலாகத் தேவைப்படுவோரைச் சமூக சுகாதார நிலையத்துக்கோ தாலுகா மருத்துவமனைக்கோ எழுதிக்கொடுப்பார். பிசியோதெரபியை அங்கேதான் எதிர்பார்க்கலாம். பஞ்சாயத்து எல்லைக்குள் குடியிருப்பவர் என்பதை உங்கள் வார்டு உறுப்பினருக்கும் ஆஷா பணியாளருக்கும் தெரியப்படுத்துங்கள். வாடகைச் சீட்டு இருந்தால் காட்டுங்கள். அவர்கள் பேச்சில் 'கிடப்பு ரோகி' என்று ஒரு சொல் உண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர் என்று பொருள். உங்கள் அத்தை நாலு எட்டு நடக்கிறார் என்பதால் முழுக் கிடப்பு இல்லை. ஆனால் வீட்டை விட்டு இறங்க முடியாதவர். அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். குமுளியில் தமிழில் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். விவரம் கேட்க கேரள அரசின் 'திஷா' உதவி எண் 1056 இருக்கிறது.

அட்டையைப் பார்ப்பது காப்பீடு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடாகட்டும், கேரளத்துக் காருண்யா காப்பீடாகட்டும், அந்தந்த மாநிலத்து அட்டையைக் கேட்கும். அத்தைக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை என்று வந்தால் கம்பத்து அட்டையைத் தேடுங்கள். பயிற்சிக்கு அட்டை தேவையில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எல்லையோரத்துக் குடும்பங்கள் ஜீப்புக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று. பொங்கலுக்குக் கம்பத்தில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்கு அத்தையை அனுப்பி இரண்டு மாதம் வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா இந்த வழக்கம்? கட்டில் நகர்ந்தால் பட்டியலும் நகர வேண்டும். இந்தப் பக்கத்துப் பதிவேடு அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. எல்லாக் காகிதத்தையும் ஒரே பையில் போட்டு அத்தையோடு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள செவிலியரிடம் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: கம்பி, ஸ்குரூ வைத்தார்களா, மூட்டையே மாற்றினார்களா என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் பாருங்கள். மாற்றியிருந்தால் தாழ்ந்த முக்காலியில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். கழிப்பறையில் நாற்காலி போடுங்கள். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்தவர்தான் சொல்ல வேண்டும். நடக்கும்போது வாக்கர் முதலில், ஆபரேஷன் செய்த கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். நாலு எட்டை நாளைக்கு ஐந்தாக்குங்கள்.

கேள்வி: திராட்சைப் பந்தலில் கொத்து நறுக்கும் வேலை செய்கிறேன். வயது 48. சர்க்கரை உண்டு. மூன்று மாதமாக இடது தோளைத் தூக்க முடியவில்லை, தலை பின்னவே முடியவில்லை. என் வீட்டுக்கும் பிசியோதெரபி வருவார்களா?
— வாசகி, காமயகவுண்டன்பட்டி

பதில்: வர மாட்டார்கள். வரவும் கூடாது. உங்களுக்குக் கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே முடியாதவருடையது.

ஆனால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நாள் முழுக்கப் பந்தலுக்கடியில் நிற்கும் வேலை, அதோடு சர்க்கரை. தோள் உறைந்துபோகிற நோய்க்கு இது போதும். சர்க்கரைக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். அங்கிருந்து இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு எழுதுவார்கள். அதுவரை சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தாங்கக்கூடிய வலி வரலாம், கண்ணில் தண்ணீர் வருகிற வலி வேண்டாம்.

கேள்வி: பெண் குழந்தைக்கு மூன்று வயது. பிறந்தபோது அழவில்லை. இன்னும் உட்காரவில்லை. மூளை வாதம் என்கிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்த பிறகுதான் பயிற்சி கிடைக்குமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, அட்டைக்குக் காத்திருந்து ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். உதவித்தொகைக்கு அட்டை வேண்டும், பயிற்சிக்கு வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு க.விலக்கு மருத்துவமனைக்குப் போய், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கும் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. பள்ளி வயது வந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பெயர் கொடுங்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு அங்கிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. அங்கன்வாடி ஆசிரியையும் வழி சொல்வார். மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையங்களும் வந்துகொண்டிருக்கின்றன. உங்களுக்கு அருகில் எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அட்டை வேலையும் பக்கத்திலேயே நடக்கட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகைக் குறைபாடுகள் உண்டு. மூளை வாதம் அதில் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லைக்கோடு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. மனைவி ஒருத்தியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவில்லை.

கேள்வி: திட்டம், திட்டம் என்று பத்திரிகையில் எழுதுகிறீர்கள். அம்மா படுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.
— வாசகர், உத்தமபாளையம்

பதில்: கோபம் நியாயமானது. என் கதையைக் கேளுங்கள். என் மாமியார் கடைசி ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். நானும் கணவரும் காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். பக்கத்து வீட்டு அக்கா பின்வாசல் வழியாக வந்து பார்த்துக்கொள்வார். கணக்கெடுக்க வந்தவர்கள் முன்வாசல் பூட்டைப் பார்த்து 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கிழவி படுத்திருக்கிறாள். அதே நேரத்தில் நான் யாரோ ஒருவருடைய மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். துறையிலேயே வேலை பார்த்தவளின் வீடு விடுபட்டுப் போகுமென்றால், உங்கள் வீடு விடுபட்டதில் என்ன ஆச்சரியம்?

அதனால் பகலில் வீடு பூட்டியிருக்கும் என்றால் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'உள்ளே படுக்கை நோயாளி இருக்கிறார்', கீழே போன் எண். சிரிக்காதீர்கள், வேலை செய்யும். வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நகலோடு போகலாம். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். சாக்கடை, தெருவிளக்கு என்று கேட்கிறோமே, 'நம் ஊரில் படுக்கையில் இருப்பவர்கள் பட்டியல் எங்கே' என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பணியிடம் காலியாக இருப்பதும் உண்டு. இவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். நல்ல வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள், அடுத்தவர் வரும்வரை வண்டி நிற்கிறது. வந்த பிள்ளையிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். கேட்க வேண்டிய இடம் அதற்கும் மேலே.

கேள்வி: வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண்ணுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?
— வாசகர், கூடலூர்

பதில்: ஒன்றும் கொடுக்க வேண்டாம். கேட்டால் புகார் செய்யுங்கள். மதியம் ஒரு மணிக்கு வந்தால் மோர் கொடுங்கள்.

கேள்வி: சந்தையில் கரண்ட் பெல்ட் ஒன்று 6,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். கட்டிக்கொண்டு படுத்தால் முடங்கிய கால் நடக்குமாம். வாங்கலாமா?
— வாசகர், சின்னமனூர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு வாக்கரும், சுவரில் கைப்பிடிக் கம்பியும், கழிப்பறை நாற்காலியும் வாங்குங்கள், மிச்சமும் இருக்கும்.

கேள்வி: என் கணவர் கம்பமெட்டுப் பாதையில் முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார். நான்கு மாதங்களுக்கு முன் இடது பக்கம் வாதம் வந்தது. இப்போது உட்காருகிறார், பிடித்துக்கொண்டு நிற்கிறார். கைப்பயிற்சி மட்டும் செய்ய மாட்டேன் என்கிறார். 'கையைத் தூக்கு, இறக்கு என்று சின்னப் பெண் வந்து எனக்குச் சொல்வதா' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
— வாசகி, கம்பம்

பதில்: அக்கா, 'தூக்கு, இறக்கு' என்று எனக்குச் சொன்னாலும் நான் செய்ய மாட்டேன். அர்த்தமில்லாத அசைவில் யாருக்கு மனம் போகும்? கைக்குப் பழக்கமான வேலையைக் கொடுத்தால் மூளையும் சேர்ந்து வரும். எங்கள் தொழிலில் இது தெரிந்த வழிதான்.

அவருக்கு விழுந்தது இடது கை. கியர் போட்ட கை. நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இடது பக்கம் ஒரு வாளியில் மணல் நிரப்பி, மண்வெட்டிப் பிடிக் கட்டை ஒன்றை அதில் நட்டு வையுங்கள். தொடக்கத்தில் அவருடைய கைமேல் உங்கள் கையை வைத்துப் பிடிக்க உதவுங்கள். இழுக்காதீர்கள், கட்டையை அவர்தான் நகர்த்த வேண்டும். இடது பாதம் தரையில் பதிந்திருக்கட்டும், அது கிளட்ச். பிறகு கம்பத்திலிருந்து கிளம்பச் சொல்லுங்கள். ஏற்றம் எங்கே வரும், எந்த வளைவில் இரண்டாவது போட வேண்டும், எங்கே முதலாவதுக்கு இறக்க வேண்டும் என்று அவரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போடட்டும். முதல் நாள் மலையடிவாரம் வரை போனால் போதும். கை சோர்ந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். செக்போஸ்ட் வரை ஏறிவிட்ட அன்று எனக்கு எழுதுங்கள். ரிவர்ஸ் கியர் இப்போது வேண்டாம். அதற்குத் தோள் இன்னும் கொஞ்சம் பலப்பட வேண்டும்.